பாதி அளவு

ஊசி போடுவதில் எனக்கு நல்ல கை என்று பேர். குத்தியதே தெரியவில்லை என்பார்கள். டயாலிசிஸ் பிரிவில் பதினாறு வருடமாக இருக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் முதல் நாள் பயந்துபோய்க் கையை இழுத்துக்கொள்வார்கள். இரண்டாவது வாரம் நான் லீவு போட்டால், அந்த சிஸ்டர் வரவில்லையா என்று அவர்களே கேட்பார்கள். இதில் ரகசியம் ஒன்றும் இல்லை. பேச்சுக் கொடுத்துக்கொண்டே போட வேண்டும், அவ்வளவுதான். குத்துவதைவிட, குத்தப்போகிறார்கள் என்கிற நினைப்புதான் மனிதர்களுக்கு அதிகமாக வலிக்கிறது.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். எனக்கு முதல் என்றால் என் அண்ணன்தான்.

அப்பாவும் அம்மாவும் ஒரே வருடத்தில் போய்ச் சேர்ந்தார்கள். அப்போது எனக்கு ஒன்பது வயது, அண்ணனுக்கு இருபது. அவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டினார். என்னைப் படிக்க வைத்து, நர்சிங் சேர்த்து, தங்கச்சி காலூன்றட்டும் என்று நாற்பது வயதுவரை கல்யாணத்தைத் தள்ளிப்போட்டவர். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாது. அவர் பெருமையாகச் சொல்லிக்கொண்டது ஒரே ஒரு விஷயம்தான்: முப்பத்தைந்து வருடத்தில் அவர் பஸ்ஸில் ஏறிய ஒரு குழந்தைக்கும் ஒரு கீறல் பட்டதில்லை. கடைசியில் சர்க்கரை வியாதி அவர் கண்ணைத் தின்றது. ஐம்பத்தைந்து வயதில் சாவியை வாங்கிக்கொண்டு, ஒரு தொகையைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். அவர் அதைக் கொண்டுபோய் வங்கியில் போட்டுவிட்டு, கதவைச் சாத்தியாயிற்று என்பதுபோல இருந்தார்.

அந்த வருடம் அவர் பிறந்தநாளுக்கு நான் ஒரு சந்தா கட்டினேன். "நிதானம்" என்று ஒரு மாதக் கடிதம். மொத்தம் நாலு பக்கம், நல்ல தடித்த தாள். எங்கள் டாக்டர்களின் ஓய்வறையில் அதைப் பார்த்திருந்தேன். சேமிப்பை எதில் போடலாம், எந்தக் கம்பெனியின் பங்கை வாங்கலாம் என்று ஒருவர் எழுதுவார். பெயர் போட மாட்டார். கடைசியில் "உங்கள் நண்பன்" என்று மட்டும் இருக்கும். மாதத்தின் முதல் சனிக்கிழமை நான் அண்ணன் வீட்டுக்குப் போய் அதை வாசித்துக் காட்டுவேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். அண்ணியும் காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்துகொள்வார்.

"நம்ம வீட்ல உக்காந்து பேசற மாதிரியே இருக்கு பாப்பா," என்பார் அண்ணன். எனக்கு நாற்பது தாண்டியும் அவருக்கு நான் பாப்பாதான்.

உண்மையிலேயே அந்த மனிதர் அப்படித்தான் எழுதினார். குளிர்பதனக் கிடங்கு கட்டுகிற ஒரு கம்பெனியைப் பற்றித் தொடர்ந்து ஐந்து மாதம் எழுதினார். கிடங்குகளை என் சொந்தக் கண்ணால் பார்த்தேன், உள்ளே நின்றேன், குளிரில் பல் கிட்டித்தது என்று எழுதினார். விலை கொஞ்சம் இறங்கினால் பயப்படாதீர்கள், விதைத்தவன் தினமும் தோண்டிப் பார்க்கக் கூடாது என்றார். அந்த வரியை அண்ணன் இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார்.

போடலாமா பாப்பா என்று என்னைத்தான் கேட்டார். இவ்வளவு பேர் போடும்போது நாம் மட்டும் என்ன என்று சொன்னேன். நான் கட்டாயப்படுத்தவில்லை. விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தேன். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று அவர் விரலைப் பிடித்து வைத்தேன். அவருக்குக் கண் தெரியாது, அதனால்தான்.

கம்பெனி ஒரு வருடத்தில் மூடிக்கொண்டது. பங்குகள் வெறும் தாளாயின.

அண்ணன் சத்தம் போடவில்லை. யாரையும் திட்டவில்லை. அண்ணி ஒரு சலவை நிலையத்தில் துணி மடிக்கிற வேலைக்குப் போனார். அண்ணன் வீட்டில் தனியாக இருந்தார். இன்சுலினை அவரேதான் போட்டுக்கொள்வார். பேனா மாதிரி இருக்கும் அந்த ஊசியைத் திருகினால் ஒவ்வொரு அளவுக்கும் ஒரு சின்னச் சத்தம் வரும். கண் தெரியாததால் அந்தச் சத்தத்தை எண்ணிப் போட்டுக்கொள்ள நான்தான் கற்றுக்கொடுத்தேன். இருபத்திரண்டு எண்ண வேண்டும். அவர் பதினொன்று எண்ணியிருக்கிறார். எட்டு மாதம். மருந்து அதிக நாள் வரட்டும், அண்ணி அதற்கு வேறு உழைக்க வேண்டாம் என்று. பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த எனக்கு அது காதில் விழவில்லை. காலில் வந்த புண் ஆறவில்லை. பிறகு ரத்தத்தில் விஷம் ஏறியது. அவரை எரித்துவிட்டு வந்து குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தேன். தீர்ந்திருக்க வேண்டிய மருந்து தீராமல் வரிசையாக அடுக்கியிருந்தது.

நான் நியாயமான வழியில்தான் முதலில் போனேன், அதை எழுதிக்கொள்ளுங்கள். இந்த மாதிரிப் புகார்களுக்கென்று ஒரு அலுவலகம் இருக்கிறது, மூன்றாவது மாடியில். இருபது மாதக் கடிதங்களையும் கட்டிக்கொண்டு போனேன். அங்கிருந்த குமாஸ்தா நல்ல மனிதர். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். கடைசிப் பக்கத்தின் அடியில் எறும்பு ஊர்வதுபோல ஒரு வரி இருந்ததைக் காட்டினார். இவை கருத்துகள் மட்டுமே, ஆலோசனை அல்ல, லாப நஷ்டம் வாசகரின் பொறுப்பு. இருபது மாதமும் அந்த வரி அங்கேயே இருந்திருக்கிறது. அதை நான் ஒரு தரமும் அண்ணனுக்கு வாசித்ததில்லை. வாசிக்கிற இடத்திலா இருந்தது?

நான் ஒரு நோயாளிக்குத் தப்பான ஊசி போட்டால் என்னைச் சும்மா விடுவீர்களா என்று கேட்டேன்.

"நீங்க தொடுறீங்கம்மா," என்றார் குமாஸ்தா. "அவர் எழுதத்தானே செய்யறார்."

அந்த வித்தியாசம் எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

இரண்டு வருடம் போனது. கடிதமும் எப்போதோ நின்றுபோயிருந்தது. ஒரு திங்கட்கிழமை மதிய ஷிஃப்டுக்குப் புதிதாக ஒருவர் வந்தார். எழுபது வயது. இரண்டு சிறுநீரகமும் நின்றுபோனவர். மனைவி இல்லை, ஒரே மகள் எங்கோ தூர தேசத்தில். திங்கள், புதன், வெள்ளி, நாலு நாலு மணி நேரம், ஜன்னலோரம் ஏழாம் நாற்காலி. எல்லோரிடமும் மரியாதையாகப் பேசுவார். பிரிவில் அழுக்குத் துணி எடுக்க வரும் சலவைக்காரம்மாவின் மகனுக்குக் கணக்குப் பரீட்சை என்றால், மறுபடி வரும்போது மறக்காமல் எப்படி எழுதினான் என்று விசாரிப்பார். பிரிவில் எல்லோருக்கும் அவரைப் பிடித்துப்போனது. எனக்கும்தான். இல்லை என்று சொன்னால் பொய்.

ஒரு மாதம் கழித்து, பக்கத்து நாற்காலியில் இருந்த தையற்காரர், மகனுக்கு வைத்துக்கொடுத்த கடை ஓடவில்லையே என்று புலம்பினார். அதற்கு இவர், "விதைச்சவன் தினமும் தோண்டிப் பார்க்கக் கூடாது சார்," என்றார்.

நான் அப்போது அவர் கையில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டிருந்தேன். ஒட்டி முடித்தேன். சார், நீங்கள் எழுதுகிறவரா என்று கேட்டேன். அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். ஒரு காலத்தில் எழுதினேன் சிஸ்டர், இப்போது எழுதினால் என்னையே நான் நம்ப மாட்டேன் என்றார். தையற்காரர் விடாமல் கேட்க, அந்தக் கிடங்குக் கதையைச் சொன்னார். கம்பெனிக்காரர்கள் அவரைக் காரில் ஏற்றிக்கொண்டுபோய் மூன்று கிடங்குகளைக் காட்டியிருக்கிறார்கள். பின்னால்தான் தெரிந்ததாம், மூன்றும் ஒரே கிடங்கு.

"வேற வேற வாசல் வழியா உள்ள கூட்டிட்டுப் போயிருக்காங்க. நானும் மூணு தடவை குளிர்ல நடுங்கிட்டு வந்து, மூணு கிடங்குன்னு எழுதிட்டேன்."

தையற்காரர் சிரித்தார். சலவைக்காரம்மா சிரித்தார். அவரும் சிரித்தார், ஆனால் கண் சிரிக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். நான் மிஷினின் எண்களைக் குறித்துக்கொண்டு அடுத்த நாற்காலிக்குப் போனேன்.

அவரைக் கொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. தயவுசெய்து அந்த வார்த்தையைப் போட வேண்டாம். அவருக்கு நான் எதையும் கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டியதில் கொஞ்சம் குறைத்தேன். மிஷின் ஓடும், விளக்கு எரியும், குழாயில் ரத்தம் சுற்றும். சுத்தம் செய்கிற வேலை மட்டும் பாதியில் நிற்கும். எப்படி என்பதை மிஷின் எஞ்சினியர் உங்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார், நான் வேறு சொல்ல வேண்டியதில்லை. சார்ட்டில் முழு அளவையும் எழுதுவேன். மாதாந்திர ரத்தப் பரிசோதனை வருகிற வாரம் மட்டும் ஒழுங்காக முழுதும் கொடுத்துவிடுவேன். எடை பார்க்கும்போது அவர் கண்ணாடியைக் கழற்றியிருப்பார், எண் தெரியாது. நான் படித்துச் சொல்வதுதான் அவருக்கு எடை.

அவருடைய நாலு பக்கங்களும் அப்படித்தானே இருந்தன? எல்லாம் ஓடுவதுபோலத் தெரிந்தது, உள்ளே ஒன்றும் நடக்கவில்லை. பாதி அளவில் ஓர் உடம்பு எப்படி இருக்கும் என்று அவருக்கும் தெரியட்டும் என்றுதான் நினைத்தேன். தெரிந்தவுடன் நிறுத்திவிடலாம் என்று இருந்தேன்.

மூன்றாவது வாரம் கால் வீங்கியது. ராத்திரி படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றார்.

"தண்ணி நிறையக் குடிக்கறீங்க சார்," என்றேன்.

அவர் நம்பினார். குற்றம் செய்த பிள்ளைபோலத் தலையைக் குனிந்துகொண்டார். அடுத்த தரம் வந்தபோது ஒரு சின்னப் புட்டியைக் காட்டினார். அளவு கோடு போட்டு, நாள் முழுதும் அவ்வளவுதான் குடிக்கிறாராம். நாக்கு வறண்டால் ஒரு பனிக்கட்டித் துண்டை வாயில் போட்டுக்கொள்கிறாராம். அப்படியும் எடை கூடியது. எப்படிக் கூடாமல் இருக்கும்? அவர் புட்டியில் கோட்டை இன்னும் கீழே இறக்கிப் போட்டார். டாக்டர் வெள்ளிக்கிழமைகளில் வந்து சார்ட்டைப் பார்ப்பார். சார்ட்டில் எல்லாம் சரியாக இருந்தது. நோயாளிதான் கட்டுப்பாடாக இல்லை என்று டாக்டரும் கடிந்துகொண்டார். ஏழாம் நாற்காலிக்காரர் புட்டியைப் பைக்குள் வைத்துக்கொண்டார். நான் அவர் தலையணையைச் சரிசெய்தேன்.

நான் அவரை வெறுக்கவில்லை, இதை யாரும் நம்ப மாட்டார்கள். அவர் தோல் வறண்டு அரித்தபோது எண்ணெய் தடவிவிட்டிருக்கிறேன். அவர் மகள் போனில் கூப்பிடும்போது அவர் பேச வசதியாகப் போனைக் காதில் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அப்பா நன்றாக இருக்கிறேன் என்று அவர் சொல்வார். அண்ணனும் அதையேதான் சொன்னார்.

ஒன்பதாவது வாரம், புதன்கிழமை. தையற்காரர் தூங்கிப்போயிருந்தார். மழை வருகிற மாதிரி வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. நான் ஏழாம் நாற்காலிக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, உங்கள் கடிதத்தை நம்பி யாராவது செத்துப்போயிருந்தால் என்ன செய்வீர்கள் சார் என்று கேட்டேன்.

அவர் தலையணையிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"யாரு சிஸ்டர்?"

"எங்க அண்ணன்."

பஸ் ஓட்டியதைச் சொன்னேன். கண் போனதைச் சொன்னேன். பதினொன்று எண்ணியதைச் சொன்னேன். அவர் அழவில்லை. ஊசி இல்லாத கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார். தன்னிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருப்பதாகச் சொன்னார். நஷ்டப்பட்டு எழுதியவர்கள் முந்நூற்றுப் பதினேழு பேர், ஒவ்வொருவருக்கும் கைப்பட பதில் எழுதியிருக்கிறாராம். உங்கள் அண்ணன் எழுதவே இல்லையே சிஸ்டர் என்றார். அவருக்கு யாரையும் குறைசொல்லத் தெரியாது என்றேன்.

அப்புறம் அவர் கேட்டார்.

"நான் கடைசியா ஒரு கடிதம் போட்டேனே. வித்துடுங்கன்னு. தனியா, எல்லாருக்கும், என் செலவுல அனுப்பினேன். அது உங்க அண்ணனுக்கு வரலையா?"

வரவில்லை என்றேன்.

அவர் அப்போதுதான் அழுதார். தபாலில் தொலைந்துபோயிருக்கும், ஒரு தரம் அனுப்பியது போதும் என்று விட்டது என் தப்பு, இரண்டு தரம் அனுப்பியிருக்க வேண்டும், ஆளாளுக்குப் போன் போட்டிருக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மிஷினில் அழுத்தம் ஏறி மணி அடித்தது. நான் எழுந்து அதை அணைத்தேன். பிறகு, உங்கள் அண்ணி எங்கே இருக்கிறார், நான் நேரில் வந்து காலில் விழுகிறேன், அந்தக் கடிதத்தின் நகல் என்னிடம் இருக்கிறது, அதையும் கொண்டுவந்து காட்டுகிறேன், நான் கைவிட்டுவிடவில்லை என்றாவது அவருக்குத் தெரியட்டும் என்றார். அடுத்த ஞாயிறு வரட்டுமா என்று கேட்டார்.

உடம்பு தேறட்டும் சார், நானே கூட்டிப்போகிறேன் என்றேன்.

அன்றோடு நிறுத்தியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். மன்னிப்புக் கேட்டாயிற்று, அழுதாயிற்று, இன்னும் என்ன என்று. ஆனால் அண்ணியை நினைத்துப் பாருங்கள். இப்போதுதான் கொஞ்சம் சிரிக்கிறார். சலவை நிலையத்தில் மேற்பார்வை வேலை கொடுத்திருக்கிறார்கள். ஆறிவருகிற புண்ணில் ஒருவர் காகிதத்தைக் கொண்டுவந்து வைத்தால் அந்த மனசு என்ன ஆகும்? அண்ணன் போன பிறகு எனக்கென்று இருப்பது அவர் ஒருவர்தான். அதனால் வெள்ளிக்கிழமை பாதியாக இருந்ததைக் கால்வாசியாக்கினேன். திங்கட்கிழமையும். புதன்கிழமை ஒன்றுமே கொடுக்கவில்லை. நாலு மணி நேரமும் மிஷின் சும்மா சுற்றியது. போகும்போது அவர் ஒரு காகிதத்தில் தன் வீட்டு விலாசத்தை எழுதிக் கொடுத்தார். அண்ணிக்குத் தோதான நாளைச் சொல்லுங்கள், நான் வண்டி பிடித்துக்கொள்கிறேன் என்றார். நன்றி சிஸ்டர், உங்கள் கைதான் எனக்கு ராசி என்றார்.

அந்த வாரமும் அடுத்த வாரமும் அப்படியே போயின. பதினோராவது வாரம் சனிக்கிழமை காலை அவர் இதயம் நின்றுபோனது. பக்கத்து வீட்டுக்காரர் பார்த்தபோது மேஜைமுன் உட்கார்ந்தபடி இருந்தாராம். டாக்டர் சான்றிதழில் இயற்கை என்றே எழுதினார். நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கூட்டம் அதிகம் இல்லை. மகள் மறுநாள்தான் வந்து சேர்ந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, அப்பா உங்களைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டே இருப்பார் என்றாள்.

வருடாந்திர சர்வீஸுக்கு வந்த எஞ்சினியர் மிஷினின் உள்பதிவைப் பார்க்காமல் இருந்திருந்தால் நாம் இப்படி எதிரெதிரே உட்கார்ந்திருக்க மாட்டோம். அவர் கடமையை அவர் செய்தார். எனக்கு வருத்தமில்லை.

சரி, அதை மேஜைமேல் வைத்துவிட்டீர்கள். என் அலமாரியில் இருந்ததுதான். பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுக்க வேண்டாம், எனக்கு அது மனப்பாடம்.

அது வந்தது. அதுவும் ஒரு முதல் சனிக்கிழமை. அண்ணன் வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருந்தார். அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நான் பிரித்தேன். நாலு பக்கம் இல்லை, ஒரே பக்கம். நான் தவறிவிட்டேன். நான் பார்த்தது பொய். இன்றே, கிடைத்த விலைக்கு விற்றுவிடுங்கள். நாளை என்று வைக்காதீர்கள். அவ்வளவுதான் எழுதியிருந்தது. அன்றைக்கு விற்றிருந்தால் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகக் கிடைத்திருக்கும். கம்பெனி மூட இன்னும் மூன்று வாரம் இருந்தது.

"என்ன பாப்பா எழுதியிருக்கார்?" என்றார் அண்ணன்.

அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? சந்தா கட்டியது நான். விரலைப் பிடித்து வைத்தது நான். விலை கொஞ்சம் ஏறட்டும், அடுத்த வாரம் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்த ஒரு பக்கத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நாலு பக்கத்துக்கு வாசித்தேன். கலங்க வேண்டாம், பருவம் மாறும், கைவிடாதவனுக்குத்தான் கனி என்று. அவருடைய நடை எனக்கு நன்றாகப் பழகியிருந்தது, தடுமாறவே இல்லை. அண்ணன் பெருமூச்சுவிட்டு, நல்லவேளை பாப்பா, நான் பயந்துட்டேன் என்றார். அண்ணி காய் நறுக்கப் போய்விட்டார். அடுத்த வாரம் விலை ஏறவில்லை. அதற்கு அடுத்த வாரமும் ஏறவில்லை.

ஏழாம் நாற்காலிக்காரரை நான்தான் கொன்றேன். பதினோரு வாரம், தெரிந்தே செய்தேன். நீங்கள் விரும்பியபடி அந்த வார்த்தையையே போட்டுக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஆரம்பம் எங்கே என்பதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். ஐந்து மாதம் அவ்வளவு அழகாக எழுதத் தெரிந்த மனிதர், அந்த ஒரு பக்கத்தில் மட்டும் ஏன் அப்படி வெட்டிப் போட்டதுபோல எழுதினார்? வாசிக்கிறவள் ஒருத்தி இருப்பாள், கேட்கிறவர் ஒருத்தர் இருப்பார் என்று யோசிக்க வேண்டாமா? அவர் மட்டும் அதைக் கொஞ்சம் இதமாக எழுதியிருந்தால், எழுதியிருந்தபடியே நான் வாசித்திருப்பேன்.